தோட்டக் கிணறும் சிறார் உயிரும்

நீச்சற்குளம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் பலர் பெருநகரத்துச் செல்வர் மாளிகைகளையும், குற்றாலத்தை அடுத்துள்ள புதிய விடுதிகளையுமே நினைப்பர். சங்கரன்கோவிலைச் சூழ்ந்த சிற்றூர்களிற் பிறந்து நம் கலாசாலைக்கு வந்து பயிலும் மாணவர்க்கு அச்சொல் தம் வாழ்க்கையோடு யாதொரு தொடர்பும் இல்லாத ஒன்றாகவே தோன்றும். ஆயினும், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் வீட்டின் புறக்கடையில் அமைக்கப்பெறும் நீச்சற்குளம் எவ்விதக் களிப்பைத் தருகின்றதோ, எவ்வித அபாயத்தை விளைக்கின்றதோ, அவ்விரண்டையும் நமக்குத் தருவதொன்று நம் ஊர்களிலும் உளது. அதுவே தோட்டக் கிணறு. சித்திரை வெயிலில் நீந்தித் திளைத்தற்கு இடமாவதும் அதுவே. காவலின்றிக் கிடப்பின் இரண்டு மூன்று வயதுச் சிசுக்களின் உயிரைக் கவர்வதும் அதுவே. இக்கட்டுரையில் அக்கிணற்றைப் பற்றியும், அதிற் குழந்தைகள் வீழ்ந்து இறவாவண்ணம் காத்தற்குரிய வழிகளைப் பற்றியும் யாம் கற்றனவற்றையும் கண்டனவற்றையும் ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய சங்கரன்கோவில் வட்டம், தாமிரபரணி பாய்ந்து வளஞ்செய்யும் நாடன்று. மேற்கு மலைத்தொடரின் மழைமறைவிற் கிடக்கும் அப்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மழையே பெருந்துணை. அம்மழை குளங்களை நிறைக்கும். குளங்கள் வற்றிய பின்னர்க் கிணறுகளே பயிரைக் காக்கும். சங்கரன்கோவிற் சந்தைக்கு நாடோறும் வந்து குவியும் மல்லிகையும் பிச்சியும் கிணற்று நீரால் வளர்ந்த மலர்களேயாம். ஊரின் நடுவே சங்கரநாராயணர் திருக்கோயிலின் உள்ளே நாகசுனையும், ஊர்ப்புறத்தே ஆவுடைப் பொய்கையும் உள. இவை போன்ற கோயில் நீர்நிலைகளை அமைத்த முன்னோர் சுற்றிலும் கற்படி கட்டுவது வழக்கம். கால் வழுவியவன் ஒரு படி இறங்குவானேயன்றி ஒரே வீழ்ச்சியில் ஆழத்திற் சென்று சேரான். தோட்டக் கிணற்றிற்கோ அத்தகைய கருணை இல்லை. நிலமட்டத்தினின்று நேர்செங்குத்தாக முப்பது நாற்பது அடி இறங்கும் பள்ளம் அது. பல கிணறுகளிற் சுவரினின்று நீட்டிக்கொண்டிருக்கும் கற்களே படி. சிலவற்றில் அவையும் இல்லை.

இக்கிணறுகளுக்கு ஏன் முழுமையான சுற்றுச்சுவர் இல்லை என்று நம் மாணவர் சிலர் வினவலாம். அதற்கு விடை பழைய கமலையில் இருக்கின்றது. கமலை இறைத்த காலத்தில், இரண்டு எருதுகள் கிணற்றின் விளிம்பினின்று புறப்பட்டு, சரிவான பாதையில் இறங்கிச் செல்லும். அவை இறங்க இறங்க, வடத்தின் மறுமுனையிற் கட்டிய சால் நீரோடு மேலே வரும். வந்த நீர் வாய்க்காலில் விழும். எருதுகள் மீண்டும் பின்னோக்கி விளிம்புவரை ஏறி வரவேண்டும். ஆதலாற் கமலை பூட்டிய பக்கத்தில் சுவர் இருத்தற்கு இயலாது. மற்றை மூன்று பக்கங்களிற் சிலர் சுவர் எழுப்பினர். பலர் அதுவும் செய்திலர். 1944-ஆம் ஆண்டிற் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர்ச் சிற்றூர்களிலும் மெல்ல மெல்ல மின்சாரம் பரவ, பம்புசெட்டுகள் வந்தன; எருதுகள் போயின; சால் போயிற்று; வடம் போயிற்று. எருதுகளின் பொருட்டு விட்ட அத்திறப்பு மட்டும் போகவில்லை. கமலை நின்ற இடத்தின் கற்றூண்கள் இன்றும் சில தோட்டங்களில் நிற்கக் காணலாம். அவற்றினிடையே கிணறு வாய் திறந்து கிடக்கும்.

இதனை யாம் புத்தகத்திற் படித்து உணர்ந்தோமல்லோம். எம்மோடு பயின்ற நண்பர் ஒருவரின் இல்லம் சங்கரன்கோவிலுக்கு அண்மையில் உள்ளது. ஓராண்டு ஆடித்தபசுத் திருவிழாவின்போது அவர் வீட்டில் உறவினர் பலர் கூடியிருந்தனர். நண்பரின் தமக்கைக்கு இரண்டரை வயதிற் புதல்வன் ஒருவன் இருந்தான். தாய், பிள்ளை சித்தியிடம் இருக்கிறான் என்று எண்ணினாள்; சித்தி, ஆச்சியிடம் இருக்கிறான் என்று எண்ணினாள்; ஆச்சியோ, திண்ணையிற் பேசிக்கொண்டிருந்த ஆடவர் பக்கம் போயிருப்பான் என்று எண்ணியிருந்தாள். வீட்டில் இருபதின்மர் இருந்தனர். ஒருவராயினும் ஓர் ஒலியையும் கேட்டிலர். கிணறு வீட்டினின்று அறுபது எட்டுத் தொலைவில் இருந்தது. அதற்கு மூன்று பக்கம் நல்ல சுவர் உண்டு. நான்காம் பக்கம் பழைய கமலைப் பாதை. அவ்வழியாகவே பிள்ளை சென்றிருக்கிறான். அவ்வீட்டார் எவரையும் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. எம் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். இருபது பேர் இருந்த வீட்டிலே இருபது பேரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிட்டமை மட்டும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நீரில் மூழ்குவோர் கையை வீசிக் கூக்குரலிடுவர் என்பது கதைகளாலும் திரைப்படங்களாலும் நம் உள்ளத்திற் பதிந்துவிட்ட ஒரு பிழை. நியூயார்க்கு நகரத்துக் கடற்கரை ஒன்றில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்கு பியா என்பவர், மெய்யாகவே மூழ்கிக்கொண்டிருந்தோரைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1970-களில் உண்மையை விளக்கினார். மூழ்குபவனது வாய் நீர்மட்டத்திற்கு மேலே வரும் கணத்தில் மூச்சு வாங்குதற்கே நேரம் போதாது. கூவுதற்கு நேரம் எங்கே? கைகளை உயர்த்தி அசைத்தலும் அவனால் ஆகாது. அவை தாமே பக்கவாட்டில் நீண்டு நீரை அழுத்த முயலும். இந்நிலை இருபது முதல் அறுபது விநாடி வரையே நீடிக்கும். பின்னர் உடல் அமிழ்ந்துபோம். சிறு குழந்தையாயின் இவ்வளவும் இல்லை. தலை கனத்து உடல் சிறுத்திருக்கும் பருவத்திற் குழந்தை குப்புற விழுந்து, எழமாட்டாது, ஓசையின்றிக் கிடக்கும். பிராணவாயு கிடைக்காத நிலை நான்கைந்து நிமிடம் நீடிக்குமாயின் மூளைக்கு மீளாத கேடு உண்டாகத் தொடங்கும். ஆகவே, நாம் எதனைக் கேட்டு ஓடிவருவோம் என்று நம்பியிருக்கின்றோமோ, அவ்வோசை எழுவதே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தார் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாதவர். ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021-ஆம் ஆண்டிலே ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்குரிய உலக நாளாகக் குறித்தது. அந்நாள் நமது ஆடி மாதத்தில் வருகின்றது. தபசுத் திருவிழாவிற்கு ஊரெல்லாம் விருந்தினர் நிறைந்திருக்கும் மாதமும் அதுவே.

இனி, மேனாட்டார் தம் வீட்டு நீச்சற்குளங்களைப் பற்றிக் கண்டறிந்தனவற்றை நோக்குவோம். நம் கிணற்றிற்கு அவை பெரிதும் பொருந்தும். 1980-களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நுகர்பொருட் பாதுகாப்புக் குழுவினர், அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா என்னும் மூன்று மாநிலங்களில் நீச்சற்குளங்களில் மூழ்கிய சிறு குழந்தைகளின் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அக்குழந்தைகளுள் நூற்றுக்கு 77 பேர், பார்வையினின்று மறைந்து ஐந்து நிமிடமோ அதனினும் குறைந்த நேரமோதான் ஆகியிருந்தது. நூற்றுக்கு 69 பேர், அந்நேரத்திற் குளத்தருகே இருப்பர் என்று எவரும் எதிர்பாராதவர். பாதிக்குச் சற்றுக் குறைந்த தொகையினர் கடைசியாகக் காணப்பட்டது வீட்டினுள்ளே! பெற்றோர் கவனமற்றவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. குழந்தையைக் கண்ணிமையாது காத்தல் என்பது எவ்வளவு அன்புடைய தாய்க்கும் நாள் முழுதும் இயலாத செயல். அடுப்பிற் பால் பொங்கும், வாயிலில் ஒருவர் அழைப்பர், கைப்பேசி ஒலிக்கும். அவ்வைந்து நிமிடத்தில் அவளுக்குப் பதிலாக நின்று காப்பது ஒன்று வேண்டும். அது உறங்காததும், பேச்சில் மயங்காததும் ஆதல் வேண்டும். சுவரும் கதவுமே அத்தகையன.

ஆஸ்திரேலியர் இதனை நன்குணர்ந்து சட்டமாக்கினர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டில் நீச்சற்குளச் சட்டம் இயற்றப்பெற்றது. அந்நாட்டு விதிகளின்படி வேலியின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையலாகாது. அஃதாவது ஏறத்தாழ நான்கு அடி. கம்பிகளுக்கிடையேயும் வேலியின் அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி இருத்தலாகாது. கதவு குளத்திற்கு அப்புறமாக, வெளிப்பக்கமே திறத்தல் வேண்டும். திறந்தவர் விட்டவுடன் தானே சாத்திக்கொண்டு தானே தாழிட்டுக்கொள்ளல் வேண்டும். தாழ் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். வேலியருகே ஏறி நிற்பதற்கு உதவும் நாற்காலி, தொட்டி, மரக்கிளை முதலியன இருத்தலும் கூடாது.

இவ்விடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டை மாணவர் கருதவேண்டும். சிலர் தோட்டத்தின் மூன்று பக்கம் வேலியிட்டு, நான்காம் பக்கத்திற்கு வீட்டின் சுவரையே எல்லையாகக் கொண்டனர். வேறு சிலர் குளத்தை மட்டும் தனியே வளைத்து நான்கு பக்கமும் வேலியிட்டனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்து ஒப்புநோக்கிய அறிஞர்கள், நான்கு பக்க வேலியே குழந்தைகளை மிகுதியுங் காக்கின்றது என்று கண்டனர். காரணம் எளிது. மூன்று பக்க வேலி அயலார் வீட்டுப் பிள்ளை வராமல் தடுக்கும். தன் வீட்டுப் பிள்ளை புறக்கடைக் கதவைத் திறந்துகொண்டு நேரே குளத்திற்குச் செல்வதைத் தடுக்காது. மூழ்கும் குழந்தையோ பெரும்பாலும் அவ்வீட்டுக் குழந்தையே. இதனைப் படித்தபொழுது எம் நண்பர் தோட்டத்துக் கமலைப் பாதை எம் கண்முன் வந்து நின்றது.

ஆதலின் தோட்டக் கிணற்றிற்கு முதலில் வேண்டுவது நான்காம் சுவர். பிற மூன்றும் இல்லாவிடத்து அவையும் வேண்டும். கருங்கல்லோ செங்கல்லோ எதுவாயினும் நன்று. உயரம் நான்கு அடிக்குக் குறையாதிருத்தல் நலம். இரண்டடிச் சுவர் பெரியோர் அமர்ந்து பேசுதற்கு உதவுமேயன்றிக் குழந்தையைத் தடுக்காது. அதன்மேல் ஏறி எட்டிப் பார்க்கும் ஆவலைத் தூண்டித் தீமையே செய்யும். பம்புசெட்டுக் குழாய்கள் சுவரைத் தாண்டிச் செல்லும் இடத்தில் அவையே ஏணியாய் அமைந்துவிடாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். தூர் வாருதற்கும் மோட்டாரைப் பழுதுபார்த்தற்கும் திறந்த வழி வேண்டுமே என்று உழவர் கூறுவர். அவர் கூற்று நியாயமானதே. அதற்கு இரும்புக் கதவு ஒன்று வைத்து, உயரத்தில் தாழிட்டாற் போதும். கிணற்றின் வாய் சிறிதாயின் இரும்புக் கம்பி வலையால் முழுவதும் மூடிவிடுதல் இன்னும் சிறப்பு. சுவர் எழுப்புதற்குப் பணமில்லாதார் இப்பொழுதைக்கு முள்வேலியாயினும் இடுவாராக. உடைமுள்ளுக்கு நம் பக்கத்திற் பஞ்சமில்லையன்றோ! ஆயின் முள் ஓராண்டிற் சிதைந்துபோம். அதனை நம்பிச் சுவரை மறந்துவிடலாகாது.

கிணற்றினுள்ளே விழுந்தவர் பிடித்துக்கொள்ளுதற்கு ஒரு வழியும் வேண்டும். உள்ளிறங்கும் இரும்பு ஏணியோ, நீர்மட்டம் வரை தொங்கும் தடித்த கயிறோ எப்பொழுதும் இருத்தல் வேண்டும். கோடையில் நீர் இறங்கிவிடும். கயிற்றின் நீளத்தை அப்பொழுது பார்த்து வைப்பதே அறிவுடைமை.

கிணற்றைப் பற்றிப் பேசுங்கால் ஆழ்துளைக் கிணற்றை மறத்தல் இயலாது. சங்கரன்கோவில் வட்டாரத்தார் அதனை மறக்கவும் மாட்டார். 2014-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவ்வூரை அடுத்த குத்தாலப்பேரியில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மூடாதிருந்த ஆழ்துளைக் குழியில் விழுந்தான். மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பார் அமைத்திருந்த இயந்திரக் கருவியின் உதவியால் சில மணி நேரத்திற்குள் அவன் உயிரோடு மீட்கப்பட்டான். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபொழுது, நாட்கணக்கில் முயன்றும் உயிரோடு மீட்க முடியவில்லை. இந்தியாவின் உச்சநீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே இது குறித்து நெறிமுறைகளை வகுத்துள்ளது. குழி தோண்டுவார் 15 நாட்களுக்கு முன்னரே அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். தோண்டுங்கால் முள்வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். குழாயின் வாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டி வாயை இறுக மூடல் வேண்டும். கைவிடப்பட்ட குழியை அடிமுதல் மண்ணிட்டு நிரப்பல் வேண்டும். தமிழ்நாட்டரசும் 2015-ஆம் ஆண்டில் ஊராட்சிப் பகுதிகளிற் கிணறு தோண்டுதல் பற்றியும் பாதுகாப்புப் பற்றியும் விதிகளை இயற்றியது. ஆழ்துளைக் குழியில் விழுந்த குழந்தையின்பொருட்டு நாடே நாட்கணக்கில் விழித்திருக்கின்றது. திறந்த கிணற்றில் விழுந்த குழந்தையைப் பற்றியோ பத்திரிகையின் ஒரு மூலையில் நான்கு வரி வந்து மறைகின்றது. முன்னது காத்திருக்க நேரம் தருகின்றது, பின்னது தருவதில்லை என்பதன்றி வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை.

வீட்டினுள்ளும் இவ்வபாயம் உண்டு. குழாய்நீர் நாடோறும் வாராத ஊர்களிற் பெரிய தொட்டிகளிலும் பீப்பாய்களிலும் நீரைச் சேமித்தல் வழக்கம். முற்றத்தின் கீழே தரையடித் தொட்டி கட்டி, அதன் வாயை மெல்லிய தகட்டால் மூடி, அத்தகடு துருப்பிடித்தபின் பலகைத் துண்டை வைத்துவிடுவோரும் உளர். தவழும் குழந்தைக்குக் கிணறு வேண்டுவதில்லை. குளியலறையில் அரைவாளி நீர் போதும். துணி துவைத்த நீரை உடனே கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தலும், தொட்டிக்குப் பூட்டுடைய இரும்பு மூடி இடுதலும் செலவு மிகுந்த காரியங்கள் அல்ல.

பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பித்துவிட்டால் இத்தனை தொல்லையும் வேண்டாவே என்று சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். நீச்சல் நம் நாட்டிற் புதிய கலையன்று. மருத மரக்கிளையில் ஏறி ஆழ்ந்த மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையை நினைந்து ஒரு முதியவர் இரங்குவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. நம் பாட்டன்மார் இடுப்பிற் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேரன்மாருக்குக் கிணற்றில் நீந்தக் கற்பித்தனர். இப்பொழுது அவ்வழக்கம் அருகிவிட்டது. நிலத்தடி நீர் கீழே இறங்க, கிணறுகள் ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கின்றன. வறண்ட கிணற்றருகே வளர்ந்த பிள்ளை நீந்தக் கற்கவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் அதே கிணறு ஒரு வாரத்தில் நிறைந்துவிடுகின்றது. விடுமுறைக்கு நகரத்தினின்று வரும் பிள்ளைகளின் நிலையும் இதுவே. ஆதலின் ஆறேழு வயது நிரம்பிய ஆண் பெண் சிறார் யாவர்க்கும் நீந்தக் கற்பித்தல் இன்றியமையாதது என்பதில் எமக்கு ஐயமில்லை. பெண்மக்களை இதினின்று விலக்கிவைத்தல் பெருந்தவறு. குடமும் துணியும் கொண்டு நீர்த்துறைக்குச் செல்வோர் அவரன்றோ? ஆயினும் இரண்டு வயதுக் குழந்தைக்கு நீச்சல் காவலாகாது. அதற்குச் சுவரும், பார்த்துக்கொள்ளும் ஆளுமே காவல்.

பார்த்துக்கொள்ளும் ஆளைப் பற்றி வங்காள தேசத்தார் ஒரு நல்ல பாடம் கற்பித்துள்ளனர். வீட்டைச் சுற்றிலும் குட்டைகள் நிறைந்த அந்நாட்டுச் சிற்றூர்களில், குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் முற்பகலில், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் வேளையில் என்பதை அறிந்தனர். எனவே 'ஆஞ்சல்' என்னும் பெயரால் ஊர்தோறும் சிறு காப்பகங்களை ஏற்படுத்தி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை ஒரு மாதின் பொறுப்பில் வைத்தனர். அங்குச் சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கி இறத்தல் பெரிதும் குறைந்தது. நமக்கு அங்கன்வாடிகள் உள. ஆனால் மல்லிகை மொட்டுப் பறிக்கும் பெண்கள் விடியுமுன்னரே தோட்டத்திற்குச் சென்றுவிடுகின்றனர். சிலர் குழந்தையையும் உடன்கொண்டு சென்று வரப்பில் விடுகின்றனர். அங்கன்வாடி திறக்கும் வேளையிற் பூ சந்தைக்கே போய்விட்டிருக்கும். அவ்விடியற் பொழுதிற்கு யாது வழி என்பதைப் பொருளாதாரம் பயிலும் நம் மாணவர் ஆராய்ந்தால் நன்றாகும்.

ஒருவர் நீரில் விழுந்துவிட்டாராயின் யாது செய்வது? முதலாவதாக, நீந்தத் தெரியாதவர் ஒருபோதும் குதித்தலாகாது. தம்பியை மீட்க அண்ணனும், அண்ணனை மீட்கத் தந்தையும் இறங்கி, ஒரு வீட்டில் மூவர் மாண்ட செய்தியை நாம் அடிக்கடி படிக்கின்றோம். நீந்தத் தெரிந்தவரையும் மூழ்குபவன் கழுத்தைக் கட்டிக் கீழே இழுத்துவிடுவான். எட்டக்கூடியதை நீட்டுக, மிதக்கக்கூடியதை எறிக. கயிறு, வேட்டி, மூங்கிற் கழி, மூடியிட்ட வெறும் பிளாஸ்டிக் குடம் யாவும் உதவும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர் மூழ்கியபொழுது, அங்குத் துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்மணிகள் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து முடிந்து எறிந்து இருவரைக் கரைசேர்த்தனர். அரசாங்கத்தார் அம்மூவர்க்கும் கல்பனா சாவ்லா பெயரால் வழங்கும் வீரப் பரிசை அளித்தனர். அவர்கள் எப்பள்ளியிலும் இம்முறையைக் கற்றவரல்லர். ஆயினும் செய்யத்தக்கதைச் செய்தனர். மற்றை இருவரை எட்ட இயலாமற்போனதே என்று அவர்கள் வருந்தினர்.

மேலே கொணர்ந்த பின்னர் நம்மவர் செய்வது பெரும்பாலும் தவறு. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவர். பெரியவராயின் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வர். இவற்றாற் பொன்னான நேரம் கழிவதோடு, வயிற்றிலுள்ளவை மூச்சுக்குழலிற் புகுந்து கேடும் விளையும். நம்மை மட்டும் நகைத்தற்கு இடமில்லை: 1767-ஆம் ஆண்டில் நீரில் மூழ்கியோரை மீட்கவென்றே ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஏற்பட்ட முதற் சங்கத்தார், வாயோடு வாய்வைத்து ஊதுதலாகிய நன்முறையைக் கூறியதோடு, ஆசனவாயிற் புகையிலைப் புகையை ஏற்றுக என்றும் பரிந்துரைத்தனர்! 1774-இல் இலண்டனிலும் அத்தகைய சங்கம் தோன்றியது. வாய்வழி மூச்சூட்டுதலின் பயனை 1950-களிற் பீட்டர் சாபார் முதலிய வைத்தியர்கள் ஐயந்திரிபற நிறுவினர். மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தை நடத்தும் முறை 1960-இல் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களால் வெளியாயிற்று.

முறை இதுவே. ஒருவர் 108 என்னும் எண்ணிற்கு அழைக்க, மற்றொருவர் மூழ்கியவரை மல்லாக்கக் கிடத்தி, மூச்சு உண்டா என்று பார்க்க. மூச்சு இல்லையாயின், தலையைச் சற்றே பின்சாய்த்து மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் பொருத்தி, மார்பு எழும்பும் அளவிற்கு மூச்சை ஊதுக. சிசுவாயின் வாயையும் மூக்கையும் ஒருங்கே நம் வாயாற் கவ்வி மெல்ல ஊதுக. ஐரோப்பிய வைத்தியர் முதலில் ஐந்து முறையும், அமெரிக்கர் இரண்டு முறையும் ஊதச் சொல்வர். முதலில் மூச்சு என்பதில் இருவரும் உடன்பட்டவரே. மாரடைப்பால் வீழ்ந்தவனுக்கு மார்பை அழுத்துதல் மட்டும் ஓரளவு போதும்; நீரில் மூழ்கியவனுக்குக் குறைவது மூச்சாதலின் அது போதாது. பின்னர் மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 வரையான வேகத்தில் முப்பது முறை வலுவாக அழுத்தி, இரண்டு முறை ஊதி, மீண்டும் அழுத்துக. குழந்தைக்கு மார்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கு அமிழ அழுத்தல் வேண்டும். மூச்சு திரும்பும் வரையிலோ வண்டி வரும் வரையிலோ நிறுத்தலாகாது. உயிர் தெளிந்து எழுந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நுரையீரலிற் புகுந்த நீரின் தீங்கு சில மணி நேரங் கழித்தும் தோன்றும்.

இம்முறையை எழுத்தாற் படித்தல் போதாது. பொம்மையை வைத்துப் பழகுதல் வேண்டும். நம் கலாசாலையில் நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சேர்ந்த மாணவர் ஆண்டுதோறும் சிற்றூர் ஒன்றில் முகாம் இடுகின்றனர். சாலை ஓரத்துச் செடிகளை வெட்டுதலும், சுவருக்கு வெள்ளை பூசுதலும் நல்ல பணிகளே. ஆயினும் அடுத்த முகாமில் ஊரிலுள்ள கிணறுகள் அனைத்தையும் நடந்து பார்த்து, எதற்கு எத்தனை பக்கம் சுவர் உண்டு, எது கைவிடப்பட்டது, எது பள்ளி செல்லும் வழியில் உள்ளது என்று ஒரு பட்டியல் எழுதி ஊராட்சித் தலைவரிடம் கொடுப்பாராயின், அதற்கு ஒரு நாட்பொழுதே செல்லும். ஓரிரு கிணறுகளுக்கு உரியவர் கல்லும் சிமெண்டும் தர இசைவாராயின், நம் மாணவர் கைகள் சுவர் எழுப்பவும் போதியனவே.

சென்ற கோடை விடுமுறையில் எம் நண்பர் இல்லத்திற்கு மீண்டும் சென்றிருந்தோம். கமலைக் கற்றூண்கள் இரண்டையும் அகற்றாமல், அவற்றையே நிலையாகக் கொண்டு இரும்புக் கதவு ஒன்று அமைத்திருக்கின்றனர். அதன் இருபுறமும் நான்கரை அடிச் சுவர். தாழ் ஐந்தடி உயரத்தில் உள்ளது. ஆச்சிக்கு அது எட்டுவதில்லை. பூச்செடிக்கு நீர் பாய்ச்ச வேண்டுமாயின் யாரையேனும் அழைத்தே திறக்கச் சொல்கின்றார்.